பன்னிரண்டு சீட்டுகள்

சைப்ரஸ் வளைவு, லூசியானா
6 செப்டம்பர் 1868, ஞாயிறு

ஆன்சல் அண்ணாவுக்கு,

பள்ளிக்கூடத்தை எரித்துவிட்டார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு எதையும் எழுத வராது.

வியாழக்கிழமை காலை, பாடம் நடந்துகொண்டிருந்தபோதே ஒன்பது குதிரைகள் வந்தன. யாரும் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. முன்னால் வந்தது ஹாக்கெட். நம் பழைய எஜமான் கர்னலின் தோட்டத்தில் கங்காணியாக இருந்தானே, அதே ஹாக்கெட். ஐசம் போதகர் பின்வரிசையில் எங்களோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"லிங்கன் கட்சிக் கூட்டத்தை எங்கடா நடத்துறே?"

"கர்த்தரோட வீட்டுல நடத்துறேன், துரை."

"அப்போ அங்கேயே போ."

வாசற்படியில் வைத்துச் சுட்டார்கள். இரண்டாவது குண்டு எதற்கு என்று தெரியவில்லை, முதலிலேயே இறந்துவிட்டார். பிறகு கூரைக்குத் தீ வைத்தார்கள். நாங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தோம். டீச்சரம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு படகுத்துறை வரை ஓடினார். அன்று வந்த கப்பலிலேயே வடக்கே போய்விட்டார். போதகரின் உடலை இரண்டு நாள் எடுக்க விடவில்லை. பன்றிகளை விரட்ட ஜூபிட்டர் மாமா தூரத்திலிருந்து கல் எறிந்துகொண்டே இருந்தார்.

நான் மூன்றாம் பாடப் புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தேன். இனி பள்ளிக்கூடம் இல்லை. பருத்தி எடுக்கப் போகிறேன். நம் குடிசை வரிசையில் வாசிக்கத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

உனக்கு எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. "எழுத்தும் வேணாம், எலக்சனும் வேணாம்" என்கிறார். உன் பெயரை இன்னும் சொல்வதில்லை, "அவன்" என்றுதான் சொல்கிறார். தபால் ஆபீஸ் கர்னலின் கடைக்குள் இருப்பதால் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். இதைக் கப்பல் சமையற்காரர் லூயிஸ் கையில் கொடுக்கிறேன். நீயும் அவரிடமே கொடு.

தங்கை,
கெசையா


நியூ ஆர்லியன்ஸ்
27 செப்டம்பர் 1868

கெசி,

உன் கடிதத்தைத் துறைமுகத்தில் பருத்திப் பொதி மேல் உட்கார்ந்து வாசித்தேன். மேஸ்திரி இரண்டு முறை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

ஐசம் என்னை ஆற்றில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்தவர். பட்டாளத்தில் நான் நிறைய உடல்களைப் புதைத்திருக்கிறேன். கோட்டைச் சண்டையில் ஒரே நாளில் எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் போனார்கள். சரணடைந்து கையைத் தூக்கி நின்ற எங்கள் ஆட்களையும் சுட்டார்கள். மறுமாதம் அவர்கள் கையைத் தூக்கியபோது நாங்களும் சுட்டோம். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அது போர், இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்தது. இங்கே எழுத்துக்கூட்டுகிற கிழவரை வாசற்படியில் வைத்துச் சுடுகிறார்கள்.

இதைக் கவனமாகக் கேள். நவம்பர் மூன்றாம் தேதி ஓட்டு. எங்கள் கட்சிச் சங்கத்திலிருந்து பன்னிரண்டு ஓட்டுச் சீட்டுகள் லூயிஸிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே நம் அடிமைக் கட்டை அறுத்த லிங்கன் முகம், கீழே இப்போது அவர் கட்சிக்கு நிற்கிற கிராண்ட் பெயர். நம் ஆட்கள் பெயரை வாசிக்கமாட்டார்கள், முகத்தைப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவார்கள். அது ஹாக்கெட் ஆட்களின் எஜமான் கட்சிக்குத் தெரியும். அதனால் அதே லிங்கன் முகத்தை அச்சடித்து, கீழே தங்கள் ஆட்களின் பெயரைப் போட்டுக் கள்ளச் சீட்டு விட்டிருக்கிறார்கள். தோட்டம் தோட்டமாக அது வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கும் வரும். வந்தால் எரித்துவிடு. வாசிக்கத் தெரிந்தவள் நீதான். நம் ஆள் ஒவ்வொருவர் கையிலும் நல்ல சீட்டை நீயே கொடு.

அப்பா வரமாட்டார், தெரியும். பட்டாளத்து நீலச் சட்டையோடு நான் திரும்பி வந்த அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா முதுகை வித்து வாங்கின சட்டைடா இது." நான் பட்டாளத்துக்கு ஓடியதற்காக ஹாக்கெட் அம்மாவை அடித்தான், அந்த வாரமே அம்மா போய்விட்டாள். உண்மைதான். ஆனால் அடித்த கை என் கை இல்லை. அவர் அங்கேதான் இருந்தார். என்ன செய்தார்? கேட்டுப் பார்.

ஆன்சல்


சைப்ரஸ் வளைவு
18 அக்டோபர் 1868

ஆன்சல் அண்ணாவுக்கு,

நான் கேட்கவில்லை. அவரே சொல்லிவிட்டார்.

நேற்று ரேஷன் மாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். ஹாக்கெட் கல்லாமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ஓட்டுப் பெட்டிகிட்ட நான்தான் உட்காருவேன். சீட்டை விரிச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ள போடுவேன். எங்க ஆளுக்குப் போட்டவன் பேரை எழுதிக்குவேன், அவனுக்குக் காப்புச் சீட்டு வரும். அது கையில இருந்தா எந்தக் குதிரையும் அவனைத் தொடாது. மத்தவனுக்கு... ஆறு இருக்குல்ல, பெரிய ஆறு."

பிறகு இறங்கி வந்து அப்பாவின் தலையைத் தட்டினான். நாயைத் தட்டுவது போல இரண்டு தட்டு.

"பிரைமஸ் நல்ல பையன். இவனுக்கு அரசியலே தெரியாது. இல்லடா?"

அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வரை வந்தார். இறக்கி வைத்ததும் கேட்டார்.

"அந்தச் சீட்டு வந்துச்சா?"

"எந்தச் சீட்டுப்பா?"

"ஊருக்கெல்லாம் தெரியுது, எங்கிட்ட மறைக்கிறியா? அவன் அனுப்பின சீட்டு."

எடுத்துக் காட்டினேன். லிங்கன் முகத்தைக் கட்டைவிரலால் தடவினார். "உங்கம்மாவை அந்த ஹாக்கெட் அடிச்சப்போ அவ ஒரு வார்த்தை சொல்லல. மகன் போன வழியைக் காட்டிக் கொடுக்கல. நான் பத்தடி தூரத்துல தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன், கெசி. அவன் மேல, என் மகன் மேல, எனக்குக் கோபமே கிடையாது. அவனைப் பார்த்தா அந்தத் தொப்பி ஞாபகம் வருது, அவ்வளவுதான்" என்றார்.

இதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இன்று ஜூபிட்டர் மாமாவும் மற்ற பத்துப் பேரும் வந்து, தாங்களும் அப்பாவோடு ஓட்டுப் போட வருவதாகச் சொல்லிவிட்டார்கள். "பிரைமஸே போறான்னா நான் வீட்டுல உட்கார்ந்து முட்டையா அடைகாக்குறது?" என்று மாமா சிரித்தார். அவர் மனைவி டில்லா அத்தை சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து எலையாஸ், கிராண்டுக்குப் போடுவேன் என்று சபையில் சொன்னவன், புதன்கிழமை நம் படகுத்துறையில் வந்து ஒதுங்கினான். கைகள் பின்னால் கட்டியிருந்தன. காதுகள் இல்லை. அவனை இழுத்துக் கரையில் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

கள்ளச் சீட்டும் வந்துவிட்டது. எரிந்த பள்ளிக்கூடத்துப் படியில் ஒரு கட்டு வைத்திருந்தார்கள். அதே முகம், அதே காகிதம். கீழே உள்ள பெயர் மட்டும்தான் வேறு.

அண்ணா, நீ சொன்னால் அப்பா இப்போது கேட்பார். வேண்டாம் என்று ஒரே ஒரு வரி எழுது. சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்.

கெசையா


நியூ ஆர்லியன்ஸ்
27 அக்டோபர் 1868

கெசி,

எழுதமாட்டேன்.

அப்பா என் பேச்சைக் காதில் வாங்கத் தயாரான முதல் நாளில் நான் "பயந்து உட்காருங்கள்" என்றா சொல்வேன்? இங்கேயும் சாகிறார்கள். இந்த வாரம் என் தெருவிலேயே மூன்று பேர். அதில் ஒருவன் என்னோடு பட்டாளத்தில் இருந்தவன், ரொட்டி வாங்கப் போனவன். வீட்டில் இருந்தாலும் சாவு வருகிறது, கெசி. அது வரும்போது நின்றுகொண்டிருந்தோமா, தொப்பியைக் கையில் வைத்திருந்தோமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அப்பாவிடம் சொல், என் பட்டாளத்தில் அவரைப் போல ஒரு ஆள் இருந்தால் பக்கத்தில் நின்று சண்டை போட்டிருப்பேன் என்று. சரியாக இதே வார்த்தைகளில் சொல்.

கள்ளச் சீட்டை எரித்துவிட்டாயா? எழுது.

ஆன்சல்


சைப்ரஸ் வளைவு
8 நவம்பர் 1868, ஞாயிறு

அண்ணா,

அப்பா இறந்துவிட்டார். நேற்று, பருத்தி ஆலை முற்றத்தில். ஹாக்கெட் சுட்டான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பன்னிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். என் கையிலிருந்துதான் ஒவ்வொருவரும் சீட்டு வாங்கினார்கள். நீ சொல்லச் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா எழுதியிருக்கான்?" என்று மறுபடி வாசிக்கச் சொன்னார். அதையும் வாசித்தேன்.

மதியம் எல்லாரும் உயிரோடு திரும்பி வந்தார்கள். ஜூபிட்டர் மாமா தெருவிலேயே ஆடினார்.

"விரிச்சு விரிச்சுப் பார்த்தான்! ஒரு வார்த்தை பேசல. பல்லை இளிச்சுக்கிட்டே பெட்டியில போட்டான். கவர்மென்ட்டுக்குப் பயம்டீ, கவர்மென்ட்டுக்குப் பயம்!"

அப்பா உட்கார்ந்து இரண்டு தட்டு சோள ரொட்டியும் வெல்லப்பாகும் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை பருத்தி நிறுக்க ஆலைக்குப் போனோம். ஹாக்கெட் ஏழெட்டுப் பேரோடு வந்தான். கையில் காகிதங்கள். முதலில் அப்பா பெயரைக் கூப்பிட்டான்.

"வாடா பிரைமஸ். இது உன் காப்புச் சீட்டு. நல்ல பையன், எங்க ஆளுக்குப் போட்டுட்டே."

அப்பா அதை வாங்கி எல்லாரையும் பார்த்தார். "நான் உங்க ஆளுக்குப் போடல. கிராண்டுக்குப் போட்டேன். என் மகன் அனுப்பின சீட்டு" என்றார்.

"உளறாதே. என் கண்ணால பார்த்தேன். உன்னைக் காப்பாத்திவிட வந்திருக்கேன், வாங்கிட்டுப் போ."

"உன் காப்பு எனக்கு வேணாம்."

இரண்டாகக் கிழித்தார். நான்காகக் கிழித்தார். ஹாக்கெட்டோடு வந்தவர்கள் சிரித்தார்கள், அவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்போது அவன் வயிற்றில் சுட்டான். அப்பா தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொருவன் கழுத்தில் சுட்டான். பருத்தி மேல் விழுந்தார். உயிர் போகக் கால் மணி நேரம் ஆனது, யாரையும் கிட்டே விடவில்லை. அதற்குள் மற்ற பதினொரு பெயர்களையும் கூப்பிட்டு முடித்தான். பதினொரு பேரும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லாதே.

நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அம்மா பக்கத்தில் புதைத்தோம்.

கெசையா


நியூ ஆர்லியன்ஸ்
2 டிசம்பர் 1868

கெசி,

மூன்று வாரமாக எழுத முடியவில்லை. முதலில் அழுதேன். பிறகு பெருமைப்பட்டேன், அப்பா காகிதத்தைக் கிழித்ததைச் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். நாற்பது பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

நேற்று ஓட்டுக் கணக்கு வந்தது. உங்கள் பெட்டியில் கிராண்டுக்கு விழுந்தது பூஜ்யம்.

பெட்டியில் ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேறு தோட்டங்களில் நம் சீட்டுக்காரர்களை ஹாக்கெட் மாதிரி ஆட்கள் அங்கேயே இழுத்துப் போட்டு அடித்திருக்கிறார்கள். உங்கள் பன்னிரண்டு பேரைப் பார்த்து அவன் பல்லை இளித்தான். ஏன் இளித்தான்? என்னிடம் சொல்லவேண்டியதில்லை, எனக்கே புரிகிறது. வழியிலேயே பயந்து எஜமான் கட்சிச் சீட்டை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அப்பாவும்தான். பிறகு மகள் முன்னால் குட்டு உடைந்ததும் வெட்கம் தாங்காமல் கிழித்திருக்கிறார்.

சாகும்போது கூடப் பொய். தொப்பியைக் கையில் வைத்திருந்தவர் கடைசி வரை அதைத் தலையில் வைக்கவே இல்லை. நான் நாற்பது பேரிடம் போய் என்ன சொல்வேன்?

ஆன்சல்


சைப்ரஸ் வளைவு
13 டிசம்பர் 1868

அண்ணா,

அப்பாவைப் பற்றி அப்படி எழுதாதே.

கள்ளச் சீட்டை நான் எரிக்கவில்லை. நீ அனுப்பியதைத்தான் எரித்தேன். திங்கட்கிழமை காலை, ரொட்டி சுடுகிற அடுப்பில், ஒவ்வொன்றாக. பன்னிரண்டு பேருக்கும் கள்ளச் சீட்டைக் கொடுத்தேன். பெயரை வாசித்துப் பார்த்து, தெரிந்துதான் கொடுத்தேன்.

நீ ஒரு வரி எழுதியிருந்தால் செய்திருக்கமாட்டேன். இல்லை, இப்படிச் சொல்வது சரியில்லை. எலையாஸின் கால்களைப் பிடித்து இழுத்தபோதே நினைத்துவிட்டேன். அப்பா பெருமையாகப் போவார், பெருமையாக வருவார், அவருக்கு எதுவும் தெரியவேண்டாம், ஹாக்கெட் விரித்துப் பார்த்தால் சும்மா விட்டுவிடுவான் என்று கணக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் வரை என் கணக்கு சரியாக இருந்தது. அவர் இரண்டாவது தட்டு கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணா.

காப்புச் சீட்டைக் கையில் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கொடுப்பான் என்று நான் யோசிக்கவில்லை. "அப்பா, ஹாக்கெட் சொல்வது நிஜம், நான்தான் மாற்றினேன்" என்று ஆலை முற்றத்தில் சொல்லியிருந்தால் அவர் என்னைத்தான் அடித்திருப்பார். காகிதத்தைக் கிழித்திருக்கமாட்டாரோ என்னவோ. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன்.

ஹாக்கெட் பொய் சொன்னான் என்றுதான் பதினொரு பேரும் இன்னும் நம்புகிறார்கள். ஜூபிட்டர் மாமா எனக்குக் கறி கொடுத்தனுப்புகிறார். உப்புப் பன்றிக்கறி, அவர்கள் வீட்டிலேயே கொஞ்சம்தான் இருக்கும். நான் சாப்பிடுகிறேன்.

அப்பா கிராண்டுக்குத்தான் போட்டார். இதை நாற்பது பேரிடம் போய்ச் சொல். என் பெயரையும் சொல்.

கெசையா


நியூ ஆர்லியன்ஸ்
21 மார்ச் 1869

கெசையா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தெரியவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒருமுறை உன்னைக் கொலைகாரி என்று எழுதினேன். மறுநாள் அதே வார்த்தையை எனக்கு எழுதினேன். இரண்டையும் அனுப்பவில்லை.

இது வேலை விஷயம். ஓட்டு நடந்த விதத்தை விசாரிக்க வாஷிங்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மே மாதம் உங்கள் கோர்ட்டுக்கு வருவார்கள், சிப்பாய்களோடு. லிங்கன் முகம் போட்ட கள்ளச் சீட்டுக்குச் சாட்சி வேண்டும். உங்கள் பக்கத்தில் வாசிக்கத் தெரிந்தவள் நீ மட்டும்தான்.

எங்கள் வக்கீல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ ஏமாந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்தேன், பெயரைக் கவனிக்கவில்லை என்று. அப்படிச் சொன்னால் அந்தப் பெட்டியைத் தள்ளுபடி செய்யலாம். தெரிந்து கொடுத்தேன் என்று சொன்னால், "கறுப்பர்கள் மனதாரப் போட்ட ஓட்டு" என்று எஜமான் கட்சி வக்கீல் எழுதிக்கொள்வான். ஹாக்கெட்டும் அங்கே உட்கார்ந்திருப்பான். பதினொரு பேரும் இருப்பார்கள். ஒரு சின்னப் பொய் எல்லாரையும் காப்பாற்றும், உன்னையும்.

ஆன்சல்


கோர்ட்டுக்குப் பின்னால், சிப்பாய்கள் முகாம்
16 மே 1869

அண்ணா,

நீ சொன்னபடி சொல்லவில்லை.

கோர்ட் நிறைய ஆட்கள். ஹாக்கெட் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பதினொரு பேரும் சுவரோரம் நின்றார்கள். வாஷிங்டன் பெரியவர் என்னை உட்காரச் சொன்னார், நான் நின்றேன். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஏமாந்துவிட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். அந்த நேரம் ஹாக்கெட் பக்கத்தில் இருந்தவனிடம், "அந்தக் குட்டிக்கு வாசிக்கத் தெரியும்னு யாருடா சொன்னது? குரங்கு புஸ்தகத்தைப் புரட்டின கதைதான்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அப்பா ஒரு பொய்யைக் கிழித்ததற்காகச் செத்தார். நான் அவருக்காக இன்னொரு பொய்யை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றேன். "வாசித்துத்தான் கொடுத்தேன்."

ஏன் என்று பெரியவர் கேட்டார். ஐசம் போதகரிலிருந்து தொடங்கினேன். வாசற்படி, இரண்டு குண்டு, பன்றிகள். எலையாஸின் காதுகள். கல்லாமேல் உட்கார்ந்து ஹாக்கெட் சொன்ன வார்த்தைகள். தராசு. யார் யார் குதிரையில் வந்தார்கள் என்று கேட்டார். ஒன்பது பெயர்களையும் சொன்னேன். கடைசிப் பெயர் ஹாக்கெட்டுடையது. அவன் காலை மடக்கிக்கொண்டான்.

எஜமான் கட்சி வக்கீல் எழுந்தார். மெலிந்த ஆள், நல்ல குரல்.

"இத்தனை கதை எதுக்கும்மா? சுருக்கமாச் சொல்லு. உங்கப்பன் எங்க கட்சிக்குத்தானே ஓட்டுப் போட்டான்?"

"இல்லைங்க. எங்கப்பா கிராண்டுக்குப் போட்டாரு. உங்க கட்சிக்குப் பன்னிரண்டு ஓட்டுப் போட்டது நான்."

யாரும் சிரிக்கவில்லை. எழுதுகிறவர் பேனாவை நிறுத்திப் பெரியவரைப் பார்த்தார். "அவ சொன்னபடியே எழுது" என்றார் அவர்.

பெட்டி தள்ளுபடி ஆகுமா ஆகாதா என்று யாரும் சொல்லவில்லை. ஹாக்கெட்டை யாரும் பிடிக்கவும் இல்லை. வாசலில் குதிரை ஏறிப் போனான். நான் வளைவுக்குத் திரும்பினால் ஒரு வாரம் உயிரோடு இருக்கமாட்டேன் என்று சிப்பாய்களின் கேப்டன் சொன்னார். முகாமிலேயே துணி துவைக்கிறேன்.

பதினொரு பேரில் பத்துப் பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஜூபிட்டர் மாமா மட்டும் நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கும் சேர்த்து நீயே போட்டியா?"

"ஆமா மாமா."

"ஐம்பது வருசமா என்னை அடுத்தவன் ஓட்டினான். ஒருநாள், ஒரே ஒருநாள் என் காலாலேயே நடந்து போனேன்னு நினைச்சேன். அதையும் நீ எடுத்துக்கிட்டே."

தரையில் துப்பிவிட்டு வேலி வரை போனார். பிறகு திரும்பி வந்து, கையில் கசங்கிப் போயிருந்த ஹாக்கெட்டின் காப்புச் சீட்டை என் முன்னால் விரித்துப் பிடித்தார்.

"இதுல என் பேரு எங்க இருக்குன்னு காட்டு. எந்த எழுத்து என்னன்னு சொல்லு. ஏழாயிரம் தடவை ஆனாலும் சரி, சொல்லு. உன் கையால இனிமே நான் சீட்டு வாங்கமாட்டேன்."

எட்டு மைல் நடந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டும்தான் பார்க்கிறார்.

கெசையா